மகனுக்கும் அம்மாவுக்கும் ‘ஜவ்வு கிழிசல்’: இருவருக்குமே ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 23. கால்பந்து ஆடுகிறேன். ஏழு வாரத்துக்கு முன்னால் ஆட்டத்தில் ஓடிய வேகத்தில் சட்டென்று திரும்பினேன். வலது முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஒரு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது. எம்ஆர்ஐ எடுத்ததில் ஏசிஎல் என்ற லிகமென்ட் முழுவதும் அறுந்திருக்கிறது, உள்பக்க மெனிஸ்கஸின் வெளியோரத்திலும் கிழிசல் இருக்கிறது என்று வந்தது. இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் படி இறங்கும்போது ஒரு தடவை, நின்ற இடத்தில் திரும்பும்போது ஒரு தடவை முட்டி நழுவியது. லிகமென்ட்டைப் புதிதாக வைக்க வேண்டும், மெனிஸ்கஸைத் தைக்க முடிந்தால் தைப்பேன், இல்லையென்றால் வெட்டி எடுப்பேன் என்கிறார் டாக்டர். இதற்கிடையில், நான்கு மாதமாக முட்டி வலியோடு இருக்கும் என் அம்மாவுக்கும் (54 வயது) ஸ்கேனில் மெனிஸ்கஸ் கிழிசல் என்று வந்துவிட்டது. துளை போட்டு ‘க்ளீன்’ செய்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இருவரும் ஒன்றாகவே செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிறோம். வெற்றி எத்தனை சதவீதம்? ஏழு மாதத்தில் ஒரு போட்டித் தொடர் வருகிறது, ஆடலாமா? ஒரு நாளைக்கு நாலைந்து சிகரெட் பிடிப்பேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதில்: தம்பி, கடைசியாக எழுதிய அந்த வரிக்கு முதலில் நன்றி. பலர் அதை மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம்கூடச் சொல்வதில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பேச்சில் எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் லிகமென்ட்டும் ‘ஜவ்வு’தான், எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸும் ‘ஜவ்வு’தான். தேய்ந்துபோகும் குருத்தெலும்பையும் சிலர் ஜவ்வு என்றே சொல்கிறார்கள். அதனால் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன்’ என்று ஒருவர் சொன்னால், யாருக்கு என்ன கிழிந்தது, எதைச் செய்தார்கள் என்று கேட்பவருக்குப் புரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது நமக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் வீட்டிலேயே அப்படித்தான் ஆகியிருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டிலும் அம்மாவின் ரிப்போர்ட்டிலும் ‘மெனிஸ்கஸ் கிழிசல்’ என்ற அதே சொற்கள்தான் இருக்கின்றன. ஆனால் உங்களுடையது விளையாட்டில் ஒரு நொடியில் ஏற்பட்ட காயம். அம்மாவுடையது பெரும்பாலும் வயதோடு மெதுவாக நைந்து வந்த ஒன்று. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

அம்மாவின் விஷயம் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டியது, அதை முதலில் சொல்கிறேன். அந்த ‘க்ளீன்’ செய்யும் அறுவையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

காரணம் இது. அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 50 முதல் 90 வயது வரை உள்ள 991 பேருக்கு முழங்கால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியும் இல்லை, இறுக்கமும் இல்லை. அதாவது ஐம்பது தாண்டியவர்களுக்கு ஸ்கேனில் கிழிசல் தெரிவது தலையில் நரை தெரிவது மாதிரி. வலி இருக்கிறது, கிழிசலும் இருக்கிறது என்பதாலேயே கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஃபின்லாந்தில் இதைவிடத் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். 35 முதல் 65 வயது வரை உள்ள 146 பேர், எல்லோருக்கும் இப்படி நைந்த கிழிசல், மூட்டுத் தேய்மானம் இல்லை. பாதிப் பேருக்கு உண்மையிலேயே கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மீதிப் பேருக்கு மயக்கம் கொடுத்து, துளையும் போட்டு, கருவிகளின் சத்தம்கூடக் கேட்கும்படி செய்துவிட்டு, மெனிஸ்கஸைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வலி குறைந்திருந்தது. இது வெளியானது 2013-இல். இதுபோன்ற ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு சர்வதேசக் குழு, தேய்மான முழங்காலுக்கு இந்தத் துளை அறுவை வேண்டாம் என்று 2017-இல் வலுவாகவே பரிந்துரை செய்தது. நானும் பல வருடம் அந்த அறுவையைச் செய்தவன்தான். இன்று அம்மாவைப் போன்றவர்களுக்கு முதல் மூன்று மாதம் முறையான உடற்பயிற்சி, எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது, தேவைப்படும்போது வலி மாத்திரை, இவற்றைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

ஆனால் இரண்டு விலக்குகள் உண்டு, அவற்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அம்மாவின் முட்டி நிஜமாகவே பூட்டிக்கொள்கிறதா? வலியால் மடக்கவோ நீட்டவோ தயங்குவதைக் கேட்கவில்லை. நீட்ட முயன்றாலும் ஏதோ குறுக்கே நிற்பதுபோல் சிக்கி நின்றுவிடுகிறதா என்று கேளுங்கள். அப்புறம், வலி தொடங்கிய நாள் அவருக்கு நினைவிருக்கிறதா? குத்த வைத்து உட்கார்ந்து எழும்போதோ படி ஏறும்போதோ முட்டியின் பின்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தமும் சுரீரென்ற வலியும் வந்து, அன்றிலிருந்துதான் நடக்க முடியவில்லை என்றால், மெனிஸ்கஸ் எலும்போடு ஒட்டியிருக்கும் வேர்ப்பகுதியே பிய்ந்திருக்கலாம். ரிப்போர்ட்டில் ‘ரூட்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். வேர் விட்டுப்போன மெனிஸ்கஸ் இடத்தில் இருந்தும் இல்லாத மாதிரிதான். சுமையைத் தாங்காமல் பக்கவாட்டில் பிதுங்கிவிடும், மூட்டு வேகமாகத் தேயும். நடுவயதுப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது, பல சமயம் ‘சாதாரணத் தேய்மானம்’ என்று தவறவும் விடப்படுகிறது. குருத்தெலும்பு நன்றாக இருக்கும் நிலையில் கண்டுபிடித்தால் வேரைத் திரும்ப எலும்போடு தைத்துக் கட்ட முடியும். அது ‘க்ளீன்’ செய்வதற்கு நேர்மாறான அறுவை.

சரி, இப்போது உங்கள் முட்டிக்கு வருவோம்.

ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் கயிறு. கீழ்க்கால் முன்னே நழுவாமலும், உடம்பு திரும்பும்போது முட்டி கழன்று சுழலாமலும் பிடித்துக்கொள்வது அதுதான். முழுவதும் அறுந்தால் பெரும்பாலும் பழையபடி தானாகச் சேர்ந்து வலுப்பெறாது. மெனிஸ்கஸ் வேறு. இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இருக்கும் மெத்தை அது. அதற்கு ரத்த ஓட்டம் வெளியோரத்தில்தான் உண்டு, அதன் அகலத்தில் 10 முதல் 30 சதவீதம் வரைக்கும்தான் ரத்தக் குழாய் எட்டுகிறது. உள்ளே போகப்போக ரத்தமே கிடையாது. ரத்தம் இருக்கும் இடத்தில் தைத்தால் ஒட்டும். உங்கள் கிழிசல் வெளியோரத்தில் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி அதுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மெனிஸ்கஸை வேண்டாத உறுப்பு போல நினைத்து முழுசாக எடுத்துப் போட்ட காலம் ஒன்று இருந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தாமஸ் அனண்டேல் என்ற அறுவை மருத்துவர் 1883-லேயே அதைத் தைத்துக் காட்டினார். ஆனால் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு எடுத்துவிடுவதுதான் வழக்கமாக இருந்தது. 1948-இல் ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மெனிஸ்கஸை எடுத்தவர்களின் எக்ஸ்ரேக்களில் எலும்பு தட்டையாவதையும் இடைவெளி குறுகுவதையும் காட்டினார். அப்போதும் வழக்கம் உடனே மாறிவிடவில்லை. அப்படி இருபது வயதில் மெனிஸ்கஸை இழந்தவர்கள் நாற்பதைத் தாண்டி, வளைந்த காலோடு என் எதிரில் வந்து உட்காரும்போது எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்: உங்களுக்கு ஆபரேஷன் கட்டாயமா? ஏசிஎல் அறுந்த எல்லோருக்கும் கட்டாயமில்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வில் பாதிப் பேருக்கு உடனே அறுவை, மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று பிரித்தார்கள். ஐந்து வருடம் கழித்தும் இரு குழுவினரின் முட்டி நிலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பயிற்சிக் குழுவில் ஏறக்குறைய பாதிப் பேர் அறுவையே இல்லாமல் இருந்தார்கள். இதை மட்டும் படித்தால் அறுவையே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் பிரிட்டனில் 316 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் வேறு மாதிரி. காயம் பட்டுக் கொஞ்ச காலம் ஆகியும் முட்டி நழுவிக்கொண்டே இருந்தவர்கள். அவர்களில் அறுவை செய்தவர்களின் நிலைதான் மேலாக இருந்தது. பயிற்சிக்குப் போனவர்களிலும் 41 சதவீதம் பேர் பிறகு அறுவைக்கு வந்தார்கள்.

உங்களுக்கு முட்டி ஏற்கெனவே இரண்டு முறை நழுவியிருக்கிறது. தைத்தால் சேரக்கூடிய மெனிஸ்கஸ் கிழிசல் இருக்கிறது. திரும்புவதும் வெட்டி ஓடுவதுமான ஆட்டத்துக்கே திரும்பப் போக நினைக்கிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் நானும் அறுவைதான் சொல்வேன். ஏசிஎல் இல்லாத முட்டியில் மெனிஸ்கஸை மட்டும் தைத்தால், நழுவும் ஒவ்வொரு முறையும் அந்தத் தையல் இழுபட்டுப் பிரியும். இரண்டையும் ஒரே தடவையில் செய்வதில் ஒரு லாபமும் உண்டு: லிகமென்ட்டுக்காக எலும்பில் துளை போடும்போது கசியும் ரத்தமும் எலும்பு மஜ்ஜையும் மெனிஸ்கஸ் ஆறுவதற்கு உதவுகின்றன. ஏசிஎல் அறுவையோடு சேர்த்துத் தைத்தவை தனியாகத் தைத்தவற்றைவிட நன்றாக ஆறுவதைத் தொடர்ந்து பார்க்கிறோம்.

‘வெற்றி எத்தனை சதவீதம்’ என்று கேட்டிருக்கிறீர்கள். எதை வெற்றி என்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. முட்டி நழுவாமல் நடக்க, ஓட, படி இறங்க வேண்டும் என்றால் பெரும்பாலானோருக்கு அது கிடைக்கிறது. விளையாட்டு என்று வந்தால் கணக்கு மாறுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளியான ஒரு தொகுப்பின்படி, ஏசிஎல் அறுவைக்குப் பிறகு ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். காயத்துக்கு முன் இருந்த அதே அளவுக்குத் திரும்பியவர்கள் 65. போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55. டாக்டர்கள் ‘தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெற்றி’ என்று சொல்வது கயிறு அறுபடாமல் நிற்பதைப் பற்றி. உங்கள் மனசில் ஓடுவதோ மைதானம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு, அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அறுவை செய்தவர்களில் மொத்தமாக ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு மறுபடியும் ஏசிஎல் அறுகிறது. அதே காலில் 7, மறு காலில் 8. கவனியுங்கள், நல்ல கால் என்று நாம் நம்பும் காலுக்குத்தான் ஒரு சதவீதம் கூடுதல். 25 வயதுக்குக் கீழே இருந்து, விளையாட்டுக்கும் திரும்பியவர்களை மட்டும் எடுத்தால் இது 23 சதவீதம். ஏறக்குறைய நான்கில் ஒருவர். இருபத்துமூன்று வயதில் நீங்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். இளம் வயதில் உடம்பு சரியாக ஆறாது என்பதல்ல இதற்குக் காரணம். இளைஞர்கள்தான் சீக்கிரமாக, முழு வேகத்தோடு, அதே ஆபத்தான ஆட்டத்துக்குத் திரும்புகிறார்கள்.

அந்த நான்கில் ஒருவராக ஆகாமல் இருப்பதற்கு எது எது யார் கையில் இருக்கிறது என்று பார்ப்போம். சில யார் கையிலும் இல்லை. கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு சிலருக்குப் பின்பக்கம் அதிகமாகச் சரிந்திருக்கும். 12 டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் கயிற்றின் மேல் இழுப்பு கூடும். சிலருக்கு மூட்டுகள் பிறவியிலேயே தளர்வு. முட்டி நேராக நிற்காமல் பின்னே வளையும், கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும். குடும்பத்தில் வேறு யாருக்காவது ஏசிஎல் அறுந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இவற்றை மாற்ற முடியாது, ஆனால் தெரிந்தால் அறுவையைத் திட்டமிடும் விதம் மாறும்.

அறுவை மருத்துவர் கையில் இருப்பது, எந்தத் தசைநாரை எடுத்துக் கயிறாக வைப்பது என்ற முடிவும், எலும்பில் துளையை எங்கே போடுவது என்ற கணக்கும். தொடை எலும்பில் துளை இடம் மாறிப்போவது, மறு அறுவைக்கு வரும் முட்டிகளில் அடிக்கடி பார்க்கும் தவறு. கயிற்றைப் பொறுத்தவரை, தொடையின் பின்பக்க ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்து எடுத்தால் முன்முட்டி வலி குறைவு. ஆனால் முட்டியை மடக்கும் பலம் கொஞ்சம் குறையும். கயிறு 8 மில்லிமீட்டருக்கு மெலிந்துபோனால் அறுபடும் வாய்ப்பும் கூடும். முட்டிச் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாரை இருபுறமும் எலும்புத் துண்டோடு எடுத்தால் எலும்போடு எலும்பு சேர்ந்து உறுதியாகப் பிடிக்கும். முழங்காலிட்டு உட்காரும்போது வலிப்பது அதன் விலை. சிப்பிக்கு மேலே உள்ள குவாட்ரிசெப்ஸ் தசைநாரையும் இப்போது நிறையப் பேர் எடுக்கிறார்கள். இவற்றில் எது உசத்தி என்று நான் சண்டை போட மாட்டேன், உங்கள் டாக்டர் எதை நிறையச் செய்து கைவந்தவரோ அது நல்லது. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன்: உங்கள் வயதில் இறந்தவர் உடலிலிருந்து எடுத்துப் பாதுகாத்த தசைநார் வேண்டாம். இளம் விளையாட்டு வீரர்களிடம் அது சொந்தத் தசைநாரைவிடப் பல மடங்கு அதிகமாக அறுபடுகிறது.

ஹாம்ஸ்ட்ரிங்தான் என்று முடிவானால் டாக்டரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள். முட்டியின் வெளிப்பக்கத்தில் தொடைப் பட்டையிலிருந்து ஒரு கீற்றை எடுத்துச் சுழற்சியைத் தடுக்கும் கூடுதல் கட்டு ஒன்று இருக்கிறது. 14 முதல் 25 வயது வரை உள்ள 618 பேரிடம் அதைச் சோதித்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டு வருடத்தில் கயிறு அறுந்தவர்கள், கூடுதல் கட்டு இல்லாமல் 11 சதவீதம், கட்டோடு 4 சதவீதம். உங்கள் வயதும் ஆட்டமும் அதற்குப் பொருந்துகின்றன. வேண்டுமா வேண்டாமா என்று முட்டியைத் தொட்டுப் பார்த்தவர்தான் முடிவு செய்ய முடியும், ஆனால் கேட்டுவிடுங்கள்.

மெனிஸ்கஸைத் ‘தைப்பேன் அல்லது வெட்டுவேன்’ என்று டாக்டர் சொன்னது ஏமாற்று இல்லை. உள்ளே கேமரா வைத்துத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது ஒன்று இருக்கிறது: ‘தைக்க ஒரு வழி இருந்தால் தையுங்கள், அதனால் நாள் கூடினாலும் பரவாயில்லை.’ வெட்டினால் சீக்கிரம் நடக்கலாம், சீக்கிரம் ஆடலாம் என்று வீரர்களே வெட்டச் சொல்லிக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். தைத்தால் சில வாரம் ஊன்றுகோல், நாலைந்து மாதம் வரைக்கும் சுமையோடு ஆழமாகக் குத்த வைக்கக் கூடாது. ஐந்து வருடக் கணக்கில் தைத்தவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஆறாமலோ மறுபடி கிழிந்தோ போகிறது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அப்படியிருந்தும் தையுங்கள் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், ஏசிஎல் மட்டும் அறுந்தவர்களுக்குத் தேய்மானம் 13 சதவீதத்தைத் தாண்டவில்லை. மெனிஸ்கஸும் சேர்ந்து காயம்பட்டவர்களுக்கு அது 21 முதல் 48 சதவீதம். ஏசிஎல் அறுவை பிற்காலத் தேய்மானத்தைத் தடுத்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். உங்கள் நாற்பதாவது வயது முட்டி பெருமளவுக்கு அந்த மெத்தையை நம்பித்தான் இருக்கிறது.

இனி உங்கள் கையில் இருப்பது. அறுவைக்கு முன்பே தொடங்குகிறது. முட்டி முழுவதும் நீளாமல், வீக்கத்தோடு, தொடை சூம்பிப்போய் அறுவை மேசைக்கு வருகிறவர்களுக்குத்தான் பிறகு மூட்டு இறுகிப்போகிற தொல்லை அதிகம். இரண்டு காலையும் நீட்டி மல்லாந்து படுத்து, முட்டிகளைத் தரையில் அழுத்திக் குதிகால்களைப் பாருங்கள். வலது குதிகால் இடது அளவுக்கு மேலே எழும்புகிறதா? முட்டியின் பின்பக்கம் தரையில் படிகிறதா? இல்லையென்றால் அறுவைத் தேதியைவிட அதுதான் அவசரம். ஆனால் ஒரு எச்சரிக்கை: முழுவதும் நீட்ட முடியாதபடி முட்டி பூட்டிக்கொண்டு நின்றால், கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் மடிந்து சிக்கியிருக்கலாம். அப்போது வாரக்கணக்கில் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். அதேபோல் ‘வலிதான் இல்லையே’ என்று ஒரு வருடம் தள்ளிப்போடவும் வேண்டாம். தாமதம் கூடக்கூட உள்பக்க மெனிஸ்கஸ் மேலும் கிழிவதும் குருத்தெலும்பு சிதைவதும் கூடுகின்றன. அதுவரை பந்தைத் தொட வேண்டாம், நண்பர்களோடு சும்மா ஆடுவதற்குக்கூட.

சிகரெட்டுக்கு வருகிறேன். நிக்கோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நாம் நம்பியிருப்பதோ மெனிஸ்கஸின் ஓரத்தில் இருக்கும் அந்த மெல்லிய ரத்தக் குழாய்களை. புதிதாக வைக்கும் கயிறும் அப்படித்தான். எடுத்த கணத்தில் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது, உடம்பு அதற்குள் புதிய குழாய்களை அனுப்பித்தான் அதை உயிருள்ள லிகமென்ட்டாக மாற்றிக்கொள்கிறது. புகைப்பவர்களிடம் மெனிஸ்கஸ் தையல் தோற்பதும், ஏசிஎல் அறுவைக்குப் பிறகு முட்டி தளர்வதும், புண்ணில் தொற்று வருவதும் அதிகம். நாலைந்துதானே என்று நினைக்காதீர்கள். அறுவைக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள், குறைந்தது தையல் ஆறும் மாதங்கள் வரை தொடாதீர்கள். தனியாக முடியவில்லை என்றால் அதற்கும் சிகிச்சை இருக்கிறது. கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூட்டுக்குள் சீழ் பிடிப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. கயிற்றை வைப்பதற்கு முன் வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தில் நனைத்து வைத்தால் அது இன்னும் குறைகிறது. காலில் ரத்தம் உறைவதும் அபூர்வம்தான். ஆனால் முன்பு அப்படி வந்திருந்தாலோ குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ முன்னதாகவே சொல்லுங்கள். தழும்பின் பக்கத்தில் தோல் மரத்துப்போவது மிகச் சாதாரணம், அதற்குப் பயப்பட வேண்டாம். அறுவைக்குப் பிறகு காய்ச்சலோடு முட்டி சூடாகி வலி கூடிக்கொண்டே போனாலும், கெண்டைக்கால் வீங்கி இறுகி வலித்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள்.

கடைசியாக அந்தப் போட்டித் தொடர். ஏழு மாதத்தில் என்கிறீர்கள். அறுவை அடுத்த மாதம் நடந்தால் தொடர் வரும்போது உங்கள் முட்டிக்கு ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, நேராக ஓடுவீர்கள். அதுதான் ஆபத்தான காலம். வைத்த கயிறு முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பிறகு மெதுவாகத்தான் வலுப்பெறுகிறது. அந்த மாற்றம் ஒரு வருடத்தைத் தாண்டியும் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நார்வேயில் 106 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தொடை பலமும் ஒற்றைக்கால் தாவலும் மறு காலோடு ஒப்பிட்டு 90 சதவீதத்தைத் தொடுவது போன்ற சோதனைகளில் தேறித் திரும்பியவர்களில் மறுகாயம் 5.6 சதவீதம். தேறாமலே திரும்பியவர்களில் 38.2.

தனியாக அறுவை செய்யத் தொடங்கிய புதிதில், பத்தொன்பது வயது வீரர் ஒருவருக்கு நான் ஆறாவது மாதம் ‘ஆடலாம்’ என்று சொல்லி அனுப்பினேன். முட்டியை ஆட்டிப் பார்த்தேன், உறுதியாக இருந்தது. தொடை பலத்தை அளக்கவில்லை, தாவச் சொல்லிப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் திரும்பவும் ஊன்றுகோலோடு வந்தார். கயிறு அறுந்திருந்தது. தைத்திருந்த மெனிஸ்கஸும் இந்த முறை காப்பாற்ற முடியாதபடி கிழிந்திருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய அப்பா மட்டும் ‘நீங்கதானே சார் சரின்னு சொன்னீங்க’ என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் முடிவதற்கு முன்னால் நான் யாருக்கும் அந்த அனுமதியைக் கொடுத்ததில்லை. உங்களைப் போல மெனிஸ்கஸும் தைத்த இளைஞர்கள் என்றால் பத்து, பன்னிரண்டு மாதம்கூடக் காத்திருக்கச் சொல்கிறேன்.

அந்த மாதங்களில் மனசையும் கவனியுங்கள். பலம் எல்லாம் வந்த பிறகும் பந்து காலில் இருக்கும்போது திரும்பப் பயமாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். ஆட்டத்துக்குத் திரும்பாதவர்களில் நிறையப் பேரைத் தடுப்பது அந்தப் பயம்தான். அதை மறைக்காமல் பிசியோதெரபிஸ்டிடம் சொன்னால், குதிப்பதும் திரும்புவதும் நிற்பதும் படிப்படியாகப் பழக்கித் தருவார். இடது காலுக்கும் அதே பயிற்சி வேண்டும், மேலே சொன்ன 8 சதவீதம் அந்தக் காலுக்கு உரியது.

ஆகவே இந்தத் தொடரில் நான் இல்லை என்று அணியில் இன்றே சொல்லிவிடுங்கள். நெருக்கத்தில் போய்ச் சொல்வது எல்லோருக்கும் கஷ்டம், உங்களுக்கும் ஆசை விடாது. அம்மாவும் நீங்களும் ஒன்றாகச் செய்துகொள்ளலாமா என்று கேட்டீர்களே, ஆபரேஷனை அல்ல, பயிற்சியை ஒன்றாகத் தொடங்குங்கள். இருவருக்கும் முதல் பயிற்சி ஒன்றுதான்: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே சுருட்டி வைத்த துண்டை முட்டியாலேயே கீழ்நோக்கி அழுத்தி, தொடைத் தசையை ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு இருபது முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் உள்ளதை பிசியோதெரபிஸ்ட் முட்டியைப் பார்த்துச் சொல்லித் தருவார்.